ஏசி போட்டா கருகுன வாடை, கம்ப்ரசர மாத்தச் சொல்றாங்க, மாத்தித்தான் ஆகணுமா?

குன்னூர்க்காரன்:

வணக்கம்ங்க. வண்டி பெட்ரோல், மேனுவல் கியர், சின்ன ஹேட்ச்பேக், 2013 மாடல், அதுலயும் கீழ் வேரியன்ட். கம்பெனி பேரு சொல்லல, சொன்னா பாதிப் பேரு அதப் பத்தியே சண்ட போட்டுட்டு நிப்பீங்க. வீடு குன்னூர்ல, ஷெட்டு கெடையாது, வண்டி நிக்கிறது ரோட்டோரம் கற்பூர மரத்தடியில, அதாங்க யூகலிப்டஸ், தைல மரம்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தொந்தரவு. மிஸ்ட் எறங்குனா கண்ணாடி உள்பக்கம் பூத்துக்குது, அதனால ஏசியப் போட்டு காத்த கண்ணாடிக்குத் திருப்பி விட்டுத்தான் ஓட்டறது, காத்து ஊதற புளோயர் ஒண்ணு இல்லன்னா ரெண்டு ஸ்பீடுலதான் இருக்கும், அதுக்கு மேல வெச்சா கை வெறைக்குது. அப்படிப் போனா அருவங்காடு வர்றதுக்குள்ள வென்ட்ல இருந்து கருகுன வாடை வருது. பிளாஸ்டிக் சூடாகற வாடை, அதுகூட லேசா தைலம் காச்சற கொட்டாய் பக்கம் போனா வருமே அந்த வாசனையும் கலந்து வருது. புகை எதுவும் கண்ணுல படல, கூலிங் நல்லாத்தான் இருக்கு. மேட்டுப்பாளையம் எறங்கறப்பவும் வாடை வருது ஆனா வீட்டுல அவங்க அது வேற வாடைங்கறாங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது.

இங்க ஒரு ஏசி கடையில காட்டுனேன். கேஸ எறக்கிட்டு வேக்கம் போட்டாங்க, அதாவது ஏசி பைப்புக்குள்ள இருக்கறத பம்ப் வெச்சு உறிஞ்சுனாங்க, மீட்டர் முள்ளு 23ல நின்னுக்கிச்சு, 29 வரைக்கும் போகணும் போகலைன்னா லீக்கு, கம்ப்ரசர் சீல் போயி உள்ள தேஞ்சிருக்கு அதுதான் கருகுது, கம்ப்ரசர் கண்டன்சர் டிரையர் எல்லாம் சேத்து மாத்திருங்கன்னாங்க. தொகையக் கேட்டதும் கேஸ மட்டும் போடச் சொல்லி வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். மாத்தித்தான் ஆகணுமா? அதுவரைக்கும் ஓட்டலாமா? பின்சீட்ல கொழந்தைங்க வர்றாங்க, அதுதான் பயமா இருக்கு.

தாம்பரம் டர்போ:

குன்னூர்ல ஏசியா? நாங்க இங்க வெந்துக்கிட்டு இருக்கோம். கண்ணாடிய எறக்கி விட்டு ஓட்டுங்க சார், வாடையும் போயிடும் பில்லும் மிச்சம்.

கல்லட்டி ஸ்டேரிங்:

தாம்பரத்து சார் ஒருக்கா மழை நேரத்துல வந்து கேத்தி பக்கம் கண்ணாடிய எறக்கி விட்டு ஓட்டிப் பாருங்க, முன்னாடி கண்ணாடியும் தெரியாது உங்க மூக்கும் இருக்காது. இங்க ஏசி குளிருக்கு இல்ல, காத்துல இருக்கற ஈரத்தக் கழிக்கறதுக்கு. ஏசியும் ஹீட்டரும் ஒண்ணாப் போட்டு வெளிக்காத்துல வெச்சா கண்ணாடி நிமிசத்துல தெளிஞ்சிரும், மலையில டாக்சி ஓட்டற அத்தன பேரும் இதத்தான் பண்றோம்.

குன்னூர் அண்ணா, எறக்கத்துல வர்ற வாடைக்கு வீட்டுல அக்கா சொன்னதுதான் சரி, அது வேற. அது பிரேக்கு. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டருக்குள்ள சுமாரா 1500 மீட்டர் எறங்கறோம், வண்டியோட மொத்த வெயிட்டும் எறங்கற வேகத்த எங்கயாவது சூடாத்தான் விட்டாகணும், கியர்ல விடலைன்னா பிரேக் லைனர்லதான் விடும். வண்டிக்கு வெளிக்காத்து வர்ற வாய் எங்க இருக்குன்னா முன்கண்ணாடிக்குக் கீழ வைப்பர் இருக்கற அந்தக் கிரில்லுக்குள்ள, அதனால முன் சக்கரத்துல எது கருகுனாலும் மேல ஏறி அதுல போயி நேரா உங்க வென்ட்ல வந்துரும், நீங்க ஏசி கருகுதுன்னு நெனச்சுக்குவீங்க. உங்க வண்டிதான்னு கூட இல்ல, முன்னாடி போற டூரிஸ்ட் வேன்காரன் கல்லாறு வரைக்கும் பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே போனா அவன் வாடையும் உங்களுக்குத்தான். ஏறும்போது வந்தா கிளட்ச். சீசன்ல மே மாசம் ஏத்தத்துல வண்டி நகர்ந்து நகர்ந்து நிக்கும்ல, அப்ப ஹாஃப் கிளட்ச்ல புடிச்சுக்கிட்டு நின்னா பிளேட் வாடை அடிக்கத்தான் செய்யும்.

சோதிக்கறது சுலபம். வாடை வரும்போது உள்காத்து சுத்தற பட்டன அமுக்குங்க, கார் படத்துக்குள்ள அம்பு வளைஞ்சு இருக்குமே அது. கொஞ்ச நேரத்துல வாடை கொறைஞ்சா வெளிய இருந்து வருது, கொறையாம அப்படியே இருந்தா உள்ளயே ஏதோ. எறங்கும்போது ரெண்டாவது கியர்ல விடுங்க, வளைவுக்கு வளைவு பிரேக்க அழுத்தி விட்டு அழுத்தி விட்டு வாங்க, மிதிச்சுக்கிட்டே வராதீங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறது, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறக்கறது இதெல்லாம் செய்யறவங்க இன்னமும் இருக்காங்க, இஞ்சின் நின்னா பிரேக்குக்கு வர்ற வேக்கம் ரெண்டு மிதியில தீந்துரும், ஸ்டேரிங்கும் கல்லாயிரும். கல்லட்டியில 36 கொண்டை ஊசி, அங்க எறங்கற ஆளுங்க இதக் கத்துக்கிட்டுத்தான் எறங்கணும்.

மேல சமமான ரோட்டுல வர்ற வாடைக்கு ஏசி தெரிஞ்சவங்க வரட்டும், அது எனக்குத் தெரியாத ஏரியா.

காரமடை கூலிங்:

நான் ஏசி வேலை பாக்கறவன்ங்க. மொதல்ல அந்த 23 கதைய முடிச்சர்லாம், ஏன்னா அதுலதான் உங்க காசு போகப் பாத்திருக்கு.

வேக்கம் மீட்டர் காட்டறது வெளிய இருக்கற காத்தழுத்தத்துக்கும் பைப்புக்குள்ள இருக்கறதுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம். கடல்மட்டத்துல காத்தழுத்தம் பாதரசக் கணக்குல 29.9 இஞ்ச், அங்க முழுசா உறிஞ்சுனா முள்ளு 29ஐத் தாண்டும். குன்னூர் 1850 மீட்டர் ஒசரம், அங்க காத்தே மொத்தம் 24 இஞ்ச்தான் இருக்கு, ஊட்டியில 23க்கும் கீழ. இருக்கறதே 24ன்னா முள்ளு 29க்கு எப்படிப் போகும்? உங்க ஊர்ல 23ங்கறது கிட்டத்தட்ட முழு வேக்கம். கீழ வேலை கத்துக்கிட்டு மேல வந்த பசங்க இதுல தடுமாறுவாங்க, அவங்களயும் ரொம்பக் குத்தம் சொல்லி புண்ணியமில்ல, கத்துக் குடுத்தவங்க மலை ஏறியிருக்க மாட்டாங்க. லீக்கு பாக்கணும்னா வேக்கம் எவ்வளவு ஏறுதுன்னு இல்ல, பம்ப்ப மூடி அரைமணி நேரம் விட்டு முள்ளு எறங்குதான்னு பாக்கணும். எறங்கலைன்னா பெரிய லீக்கு இல்ல. அதுவுமில்லாம கூலிங் நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, உள்ள தேஞ்சு கருகற கம்ப்ரசர் எங்கங்க நல்லா கூலிங் குடுக்கும்?

கம்ப்ரசர்ல இருந்து கருகல் வந்தா அது ரப்பர் வாடையாத்தான் பெரும்பாலும் இருக்கும். கிளட்ச் வழுக்கும், இல்ல உள்ள இறுகிப் போயி பெல்ட்ட இழுக்கும், ஏசி பட்டன் போட்டதும் கீச்சுன்னு ஒரு சத்தம், இஞ்சின் அப்படியே திணறும். உங்களுக்கு அது எதுவும் இல்ல.

எனக்கு உங்க பதிவுல ரெண்டு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு தைல வாசன, ரெண்டாவது புளோயர் ஒண்ணு ரெண்டுலதான்னு சொன்னது. கற்பூர மரத்தடியில நிறுத்தறீங்க, கீழ் வேரியன்ட், அதுல பல வண்டிக்கு ஏசி ஃபில்டரே வெச்சு வராது, ஃபில்டர் போடற எடம் மட்டும் காலியா இருக்கும். வைப்பர் கிரில் வழியா விழற எலை நேரா புளோயருக்குள்ள போகும். அதுக்குப் பக்கத்துலயே ரெசிஸ்டர்னு ஒரு சாமான் இருக்கு. மேனுவல் ஏசி வண்டியில ஒண்ணு, ரெண்டு, மூணு ஸ்பீடுல கரண்ட்டு இந்த ரெசிஸ்டர் வழியா போயித்தான் மோட்டாருக்குப் போகும், கொறைக்கற கரண்ட்ட அது சூடா மாத்திரும், நாலுல வெச்சா ரெசிஸ்டர விட்டுட்டு நேரா போயிரும். அந்தச் சூட்ட ஆத்தறதுக்குத்தான் அத காத்து போற வழியிலயே வெச்சிருக்காங்க. இப்ப பாருங்க, எங்க ஊர்ல மூணு நாலுலதான் ஓடும், உங்க ஊர்ல வருசம் பூரா ஒண்ணு ரெண்டுதான், அதாவது ரெசிஸ்டர் எப்பவும் சூட்டுலதான் இருக்கும், காத்தும் கம்மி, அது மேல காஞ்ச எலை விழுந்தா என்ன ஆகும்? தைலம்தான் வரும்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வண்டிய நிறுத்தி, சாவிய ஆன்ல மட்டும் வைங்க, இஞ்சின ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஏசி பட்டன் ஆஃப். புளோயர் ஒண்ணுல வெச்சு பத்து நிமிசம் ஒக்காருங்க. இஞ்சின் ஓடல, பெல்ட் சுத்தல, கம்ப்ரசர், கிளட்ச், பிரேக் எதுக்கும் சம்பந்தமில்ல, இப்பவும் வாடை வந்தா அது புளோயரு, ரெசிஸ்டரு, அதுக்குப் போற ஒயரு, இதுக்கு வெளிய எதுவுமே இல்ல. அப்பறம் நாலுல வெச்சுப் பாருங்க. நாலுல வாடை அடங்குனா ரெசிஸ்டர். நாலுலதான் ஜாஸ்தின்னா மோட்டார் இல்லன்னா ஒயர் மாட்டற கப்ளர்.

ஓட்டலாமான்னு கேட்டீங்க. டெஸ்ட்ல வாடை வந்தா புளோயரப் போடாம ஓட்டுங்க, மழை மிஸ்ட் இருக்கற நேரம் எடுக்காதீங்க. புகை பாத்தீங்கன்னா நிறுத்தி சாவிய எடுத்துட்டு கொழந்தைங்கள எறக்கிட்டு அப்பறம் மத்தது. டாஷ்போர்டுக்குள்ள கருகறது வெளையாட்டு இல்லைங்க.

சத்தி ரோடு:

நானும் ஒண்ணு சொல்றேன், என் வண்டியில புளோயர் பியூஸ் அடிக்கடி போயிட்டே இருந்துச்சு, 30க்கு பதிலா 40 போட்டேன், அதுக்கப்பறம் போகவே இல்ல. ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாக்கலாம்.

காரமடை கூலிங்:

அண்ணா கோவிச்சுக்காதீங்க, அந்த 40அ இன்னைக்கே கழட்டி வீசிருங்க. பியூஸ் போறது ஒயரக் காப்பாத்தறதுக்கு. 30 ஆம்பியருக்குன்னு போட்ட ஒயர்ல அதுக்கு மேல போனா பியூஸ் போகாது, ஒயர் எரியும், அதுவும் டாஷ்போர்டுக்கு உள்ள கார்பெட் பக்கத்துல. அடிக்கடி போகுதுன்னா உங்க மோட்டார் பேரிங் இறுகி கரண்ட்ட ஜாஸ்தி இழுக்குது, இல்ல எங்கயோ ஒயர் பாடியில ஒரசுது. ஒயரச் சுத்திக் கவ்வி கரண்ட்டு பாக்கற டிசி க்ளாம்ப் மீட்டர் ஒண்ணு வெச்சுப் பாத்தா ரெண்டு நிமிச வேலை. சின்ன வண்டிக்கு நாலாவது ஸ்பீடுல பதினஞ்சு ஆம்பியரச் சுத்தி இருக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அதுவே இருபத்தஞ்சுக்குப் போனா மோட்டார் சாகப் போகுதுன்னு அர்த்தம். குன்னூர் அண்ணா இத நீங்க செஞ்சிராதீங்க.

பெருமாள்மலை பிளம்ஸ்:

கொடைக்கானல் பக்கம்ண்ணே நாங்க. எலிய விட்டுட்டீங்களே எல்லாரும். எங்க மாமா வண்டியில இதே மாதிரி கருகுன வாடை, ஹீட்டர் போட்டா மட்டும் வந்துச்சு, க்ளோவ் பாக்ஸ கழட்டிப் பாத்தா புளோயருக்குள்ள எலிக் கூடு, சீட்டுப் பஞ்சு, பிளம்ஸ் கொட்டை, கோயில் பிரசாதக் கவரு வரைக்கும் இழுத்துட்டு வந்து வெச்சிருக்கு. ராத்திரி குளிருக்கு இஞ்சின் சூட்டுக்கு வந்து ஏறும், அங்கருந்து வைப்பர் கிரில் வழியா உள்ள போயிரும். ஒயரையும் கடிச்சு செம்பு தெரிஞ்சுச்சு. வத்தலக்குண்டு எறங்குற வழியில எரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் எங்க அத்தை புலம்பும். பாச்சா உருண்டை போட்டா எலி வராதும்பாங்க, போட்டுறாதீங்க, எலி வருதோ இல்லையோ அந்த நெடி பூரா உங்களுக்குத்தான் வரும், தலை வலிச்சுச் சாவீங்க. கிரில்லுக்கு அடியில பொடிக்கண்ணு எவர்சில்வர் வலைய வெட்டி வெச்சிருங்க, எலையும் நிக்கும் எலியும் நிக்கும்.

குன்னூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சாவி டெஸ்ட் பண்ணேன், காரமடை அண்ணன் சொன்னது அப்படியே. புளோயர் ஒண்ணுல வெச்ச கொஞ்ச நேரத்துல வாடை வந்துருச்சு, இஞ்சின் ஓடவே இல்ல. நாலுல வெச்சதும் மொதல்ல குப்புன்னு ஒருக்கா அடிச்சுது, அப்பறம் அடங்கிருச்சு. ஃபில்டரும் இல்ல, க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி அந்த எடத்துல வெறும் மூடிதான் இருக்கு, இத்தன வருசமா சர்வீஸ் பில்லுல ஏசி ஃபில்டர் க்ளீனிங்னு போட்டு காசு வாங்கிட்டு இருந்திருக்காங்க, எதக் க்ளீன் பண்ணாங்களோ. நானே கழட்டிப் பாக்கலாமா இல்ல ஆளக் கூப்புடணுமா?

காரமடை கூலிங்:

ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரிஞ்சா போதும், நீங்களே பாக்கலாம். பேட்டரி மைனஸக் கழட்டிட்டு ஆரம்பிங்க. க்ளோவ் பாக்ஸ ரெண்டு பக்கமும் அமுக்குனா தொங்கிரும், அதுக்குப் பின்னாடி உருண்டையா இருக்கறது புளோயர், அதுல இருந்து கூலிங் காயில் பக்கம் போற டப்பாவுல ரெண்டு ஸ்க்ரூவுல ஒரு சின்ன பிளேட் நிக்கும், நாலஞ்சு ஒயர் வர்ற கப்ளர் மாட்டியிருக்கும், அதுதான் ரெசிஸ்டர். இப்பத்தான் ஓட்டிட்டு வந்திருந்தா சூடா இருக்கும், தொட்டுறாதீங்க. கப்ளர உருவும்போது பின்னப் பாருங்க, ஒரு பின்னு பழுப்பாவோ கருப்பாவோ பிளாஸ்டிக் இளகியோ இருந்தா ரெசிஸ்டர் மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல, கப்ளரையும் ஒயரோட சேத்து மாத்தணும், லூஸ் பின்னுல புது ரெசிஸ்டர் போட்டா திரும்ப அங்கயேதான் கருகும். ஒயர முறுக்கி டேப் சுத்தற வேலையும் வேண்டாம், ஈயம் வெச்சு சால்டர் பண்ணி ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

புளோயர் மோட்டாரும் மூணு ஸ்க்ரூதான், கீழ எறக்கி கையால சுத்திப் பாருங்க. லேசா சுத்தி தானா நிக்கணும். இறுக்கமா இருந்தாலோ ஒரசுனாலோ மோட்டாரும் சந்தேகம்தான்.

குன்னூர்க்காரன்:

பிரிச்சாச்சு. படம் போட்டா இந்த ஆப்புல ஏற மாட்டேங்குது, சொல்றேன். புளோயர் கூண்டுக்குள்ள அரைச்ச மாதிரி எலைத்தூளு, கற்பூர எலையும் சில்வர் ஓக்கும்தான் அத்தனையும். ரெசிஸ்டர் சுருள்ல ஒரு எலை கரியாகி ஒட்டிக்கிச்சு, சுரண்டுனா வீடே தைல வாசன. கப்ளர்ல ஒரு பின்னு பழுப்பாகி பிளாஸ்டிக் ஒரு பக்கம் ஒழுகியிருக்கு. ஒரு எலெக்ட்ரீஷியன் தம்பிய வெச்சு ரெசிஸ்டர், கப்ளர் ரெண்டும் மாத்தி, ஃபில்டரும் வாங்கி அந்த எடத்துல வெச்சாச்சு, கிரில்லுக்கு அடியில வலை. கம்ப்ரசருக்குச் சொன்ன தொகையில இதெல்லாம் ஒரு மூலைக்கு வராது. இப்ப வாடை சுத்தமா இல்ல. கண்ணாடியும் முன்னைவிட சீக்கிரம் தெளியுது, எலை அடைச்சிருந்ததால காத்தே பாதிதான் வந்திருக்கும் போல.

ஒண்ணே ஒண்ணு, ஒண்ணாவது ஸ்பீடுல லேசா கிர்ருன்னு ஒரு சத்தம் வருது. எண்ணெய் விடலாமா?

காரமடை கூலிங்:

ஸ்ப்ரே எண்ணெய் அடிச்சிராதீங்க, கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், அப்பறம் தூசி அதுல ஒட்டிக்கிட்டு முன்னைவிட இறுகும், எண்ணெய் வாடையும் வண்டிக்குள்ளதான் வரும். கூண்டுல எலைத்துண்டு எங்கயாவது ஒட்டியிருந்தா ஒரு பக்கம் வெயிட் ஜாஸ்தியாகி இப்படிச் சத்தம் போடும், பெயின்ட் பிரஷ்ஷால ஒருக்கா நல்லா தட்டி விடுங்க. அதுக்கும் போகலைன்னா ஆம்பியர் பாத்துட்டு மோட்டார மாத்துங்க, அவசரம் இல்ல. ஃபில்டர உங்க ஊர் மழைக்கு வருசம் ஒருக்கா மாத்திருங்க, நனைஞ்ச ஃபில்டர் பூஞ்சை புடிச்சு அடுத்த வாடைய ஆரம்பிச்சிரும்.

லவ்டேல் டீசல்:

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க, என் வண்டி பிஎஸ்6 டீசல், கோத்தகிரி போயிட்டு வந்து நிறுத்துனா சில நாள் மட்டும் கருகுன வாடை, ரேடியேட்டர் ஃபேன் வேற சத்தமா ஓடிட்டே இருக்கும். இதுவும் ரெசிஸ்டரா?

காரமடை கூலிங்:

இல்லைங்க, அது டிபிஎஃப். சைலன்சர் வழியில இருக்கற ஃபில்டர்ல சேர்ற புகைக்கரிய வண்டி அப்பப்ப தானா எரிச்சுக்கும், அப்ப அந்த எடம் 600 டிகிரி வரைக்கும் போகும், அந்த வாடைதான். பாதியில ஆஃப் பண்ணா ஃபேன் ஓடத்தான் செய்யும். ஊருக்குள்ள சின்னச் சின்ன ஓட்டமாவே ஓட்டுனா அடிக்கடி வரும், மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவ மேட்டுப்பாளையம் தாண்டி கோயமுத்தூர் ரோட்டுல ஒரே வேகத்துல நீளமா ஓட்டிட்டு வாங்க. காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தாதீங்க.

குன்னூர்க்காரன்:

கல்லட்டி தம்பி, உங்களுக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. ரெண்டாவது கியர்லயேதான் எறங்குனேன், வாடை ரொம்பக் கொறைஞ்சிருக்கு ஆனா முழுசாப் போகல. பர்லியார்ல மங்குஸ்தான் வாங்க நிறுத்துனப்ப சக்கரத்துக்குப் பக்கத்துல கைய வெச்சுப் பாத்தேன், முன்னாடி எடது மட்டும் அனலா அடிக்குது, வலது அவ்வளவு இல்ல.

கல்லட்டி ஸ்டேரிங்:

அது காலிப்பர் ஜாம்ண்ணா, பிரேக் பேட்ட டிஸ்க்குல அமுக்கற சாமான்தான் காலிப்பர். மிதிச்சு விட்டதுக்கப்பறமும் பேட் டிஸ்க்க விட்டு வெலகாம ஒரசிட்டே வருது. காலிப்பர் நகர்ற பின்னுல கிரீஸ் காஞ்சு துரு புடிச்சிருக்கும், மழை ஊர்ல இது ரொம்ப சகஜம். ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தக் கையால சுத்துங்க, எடது இறுக்கமா சுத்துனா அதேதான். பின்னக் கழட்டி சுத்தம் பண்ணி பிரேக்குக்குன்னு இருக்கற கிரீஸ் போட்டாப் போதும், சாதா கிரீஸ் போட்டா சூட்டுல ஒழுகி பேட்ல எறங்கிரும். பேட் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து மாத்துங்க. பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு ஞாபகம் இல்லைன்னா அதையும் சேத்து மாத்திருங்க, பழைய ஆயில்ல தண்ணி ஏறியிருக்கும், இந்தச் சூட்டுல அது கொதிச்சா பெடல் அப்படியே கீழ போயிரும். இது முடியறவரைக்கும் கீழ எறங்காதீங்க, ஊருக்குள்ளயே யாராவது பிரேக் வேலை பாக்கறவங்ககிட்டக் காட்டுங்க.